கிரெமோனா வயலின்களின் அடிப்பூச்சு

கிரெமோனா வயலின்களின் அடிப்பூச்சு என்பது, வட இத்தாலியின் கிரெமோனா நகரப் பட்டறைகளில் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை, செதுக்கி முடித்த வயலின் உடலை வார்னிஷ் பூசுவதற்கு ஏற்றதாக்கிய வேலைகளையும், அவற்றின் விளைவாக மரத்துக்கும் வார்னிஷுக்கும் இடையே உருவான மெல்லிய அடுக்கையும் குறிக்கும். மரத்தைச் சுரண்டி வழவழப்பாக்குதல், நனைத்து நாரை எழுப்பித் தேய்த்தல், வெயிலில் வைத்து நிறமேற்றுதல், மேற்பரப்பின் நுண்துளைகளை அடைத்தல் ஆகியவை இதில் அடங்கும். நிக்கோலோ அமாட்டி (1596–1684), அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி (இறப்பு 1737), குவார்னேரி தெல் ஜேசு (1698–1744) ஆகியோரின் வயலின்களைப் பற்றிப் பேசியவர்கள் நீண்ட காலம் ‘வார்னிஷ் ரகசியம்’ என்றே பேசிவந்தனர். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது வார்னிஷுக்கு அடியில் இருக்கலாம் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது.

அந்த எண்ணத்துக்கு வித்திட்டது ஆய்வகம் அல்ல. யாரும் கண்ணால் காணக்கூடிய ஒரு செய்தி. பலர் கைமாறி வாசித்த பழைய வயலினில் முகவாய் படும் இடத்திலும், இடது கை உரசும் தோள்பகுதியிலும் நிற வார்னிஷ் முழுவதுமாகத் தேய்ந்து போயிருக்கும். அங்கே வெறும் மரம்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், முந்நூறு ஆண்டு வியர்வையும் அழுக்கும் ஏறி அது சாம்பல் பூத்துப் போயிருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள கிரெமோனா வயலின்களில் அப்படி ஆவதில்லை. தேய்ந்த இடம் பொன்னிறமாகவே ஒளிர்கிறது. வார்னிஷ் போன பின்னும் மரத்தைக் காக்கிற வேறொன்று அங்கே எஞ்சியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

மரத்தின் இயல்பு

வயலினின் முன்பலகை ஸ்புரூஸ் மரத்தாலும், பின்பலகையும் பக்கச் சட்டங்களும் மேப்பிள் மரத்தாலும் ஆனவை. இரண்டும் பூச்சை ஏற்கும் விதத்தில் முரண்பட்டவை. ஸ்புரூஸில் வசந்த காலத்தில் வளர்ந்த வெளிறிய பகுதி மென்மையானது. கோடை இறுதியில் வளர்ந்த கருங்கோடு கடினமானது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மென்மையும் கடினமும் மாறிமாறி வரும் பலகையைச் சீராக வழவழப்பாக்குவது எளிதன்று.

அதைவிடப் பெரிய சிக்கல் பலகையின் வளைவு. வயலின் பலகை தட்டையானது அல்ல. நடுவில் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உயர்ந்து ஓரங்களில் தாழும் மேடு. அதைச் செதுக்கும்போது உளி மரத்தின் நார்களைச் சரிவாக வெட்டிச் செல்கிறது. மேட்டின் மேல்சரிவிலும் கீழ்ச்சரிவிலும் நார்களின் வெட்டுவாய்கள் திறந்து கிடக்கும். ஒரு கட்டு வைக்கோலைச் சாய்வாக அரிந்தால் தாள்களின் வாய்கள் தெரிவது போன்றது இது. இந்த வாய்கள் பூசும் எண்ணெயையும் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சரிவுகள் கறுத்தும் நடுப்பகுதி வெளிறியும் திட்டுத்திட்டாகத் தோன்றும். பதப்படுத்தாத ஸ்புரூஸ் மீது நேரடியாகச் சாயம் ஏற்றிய மலிவு வயலின்களில் இந்தக் ‘கருகல்’ தோற்றத்தை இன்றும் காணலாம்.

மேப்பிளில் இதே செய்தி அழகாக மாறுகிறது. நார்கள் அலையலையாக ஓடுவதால், அறுத்த பரப்பில் ஒரு பட்டையில் நார் நீளவாக்கிலும் அடுத்த பட்டையில் வெட்டுவாயாகவும் வரும். புலிவரி போன்ற இந்தப் பட்டைகள் வயலினைச் சாய்க்கும்போது இடம் மாறுவது போல் தோன்றும். ஒளியாக இருந்தது இருளாகும், இருளாக இருந்தது ஒளியாகும். ஆனால் மரத்தின் செல்களுக்குள் காற்று நிறைந்திருக்கும்வரை ஒளி மேற்பரப்பிலேயே சிதறிவிடும். காற்று இருந்த இடத்தில் மரத்தின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கிய பொருள் ஒன்று நிரம்பினால் ஒளி உள்ளே புகுந்து திரும்பும். வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி போல் ஆவதும் இதே காரணத்தால்தான். ஆகவே அடிப்பூச்சு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: பின்னர் வரும் நிற வார்னிஷ் உள்ளே இறங்காமல் தடுக்க வேண்டும், மரத்தின் அழகை மறைக்காமல் ஆழப்படுத்தவும் வேண்டும். எண்ணெய் அதிகமானால் மரம் கறுக்கும், ஊறிக் கனக்கும். குறைந்தால் தடுப்பு போதாது. கைத்திறன் முழுவதும் இந்த அளவில்தான் இருக்கிறது.

பட்டறையில்

உப்புத்தாள் இல்லாத காலத்து வேலை இது. லண்டனில் ஜான் ஓக்கி கண்ணாடித்தூள் ஒட்டிய தேய்ப்புத்தாளைத் தொழிலாகச் செய்யத் தொடங்கியது 1833இல். அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1834இல். ஸ்ட்ராடிவாரி இறந்து நூறாண்டு ஆகும் தறுவாய் அது. கிரெமோனாக்காரர்களிடம் இருந்தவை உளி, விரல் அளவேயான சிறு இழைப்புளிகள், அவற்றுக்குப் பின் சுரண்டுவதற்கான மெல்லிய எஃகுத் தகடு.

அந்தத் தகட்டின் விளிம்பைக் கடினமான எஃகுக் கம்பியால் அழுத்தித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி விளிம்பு எழும்பும். தகட்டை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்துத் தள்ளும்போது அந்தக் கொக்கி மரத்தைத் தூளாக்காமல் மெல்லிய சுருளாகச் சீவி எடுக்கும். உப்புத்தாள் மரத்தைக் கீறித் தேய்க்கிறது. கிளம்பும் தூள் திறந்த செல் வாய்களில் போய் அடைந்துகொள்கிறது. தகடு வெட்டுகிறது; செல்களின் வாய் சுத்தமாகத் திறந்தே இருக்கிறது. இன்றைய தரமான வயலின் பட்டறைகளிலும் பலர் உப்புத்தாளைக் கடைசிவரை தொடாமலிருப்பதற்கு இதுவே காரணம். பழமைப் பற்று என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

தகட்டுக்குப் பின் மிக மெல்லிய தேய்ப்புக்கு அக்கால ஐரோப்பிய மரவேலைக்காரர்கள் பயன்படுத்தியவை இரண்டு. ஒன்று, சிறு சுறா வகைகளின் உலர்ந்த தோல். மற்றொன்று, நீர்நிலைகளின் ஓரம் வளரும் குதிரைவால் புல். (நாம் சமைக்கும் குதிரைவாலிச் சிறுதானியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது பூக்காத, விதையற்ற தொன்மையான தாவரம்.) அதன் தண்டில் இயற்கையாகவே சிலிக்கா படிந்திருப்பதால் நுண்ணிய அரம் போல வேலை செய்யும்.

இடையில் ஒருமுறை மரத்தை ஈரத்துணியால் நனைப்பது வழக்கம். தகடு அழுத்தியதில் ஸ்புரூஸின் மென்பகுதி அமுங்கியிருக்கும். நீர் பட்டதும் அது உப்பி எழும். அறுபடாமல் மடங்கிக் கிடந்த நார்களும் நிமிரும். காய்ந்த பின் நிமிர்ந்தவற்றை மட்டும் மெல்ல நீக்க வேண்டும். நனைக்காமல் விட்டால் அதே நார்கள் வார்னிஷ் பட்டபின் நிமிர்ந்து பூச்சையே சொரசொரப்பாக்கிவிடும். நனைத்துத் தேய்த்த ஸ்புரூஸைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கார்டுராய் துணி போன்ற மெல்லிய வரிகள் தெரியும். பழைய இத்தாலிய வயலின்களில் இந்த வரிகள் உண்டு. கண்ணாடி போன்ற சமதளத்தை அவர்கள் நாடவில்லை. தெல் ஜேசுவின் கடைசிக் கால வயலின்களில், குறிப்பாகத் தலைச்சுருளில், உளித்தடம் அப்படியே விடப்பட்டிருக்கிறது.

அடுத்தது வெயில். புதிதாகச் செதுக்கிய ஸ்புரூஸ் பால்போல் வெளுத்திருக்கும். சூரிய ஒளி அதைச் சில வாரங்களில் தேன்நிறமாக்கும். ஆளிவிதை எண்ணெயும் பைன் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ் உலர்வதற்கும் வெயில் வேண்டும். ஸ்ட்ராடிவாரி 1680 முதல் வாழ்ந்த வீட்டின் மேல்மாடத்தில் காற்றும் வெயிலும் படும் திறந்த அறை ஒன்று இருந்தது. வயலின்கள் அங்கேதான் தொங்கின. 1708 ஆகஸ்ட் 12 தேதியிட்ட அவரது கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. வயலின் அனுப்பத் தாமதமானதற்கு வார்னிஷ் வேலையே காரணம் என்றும், வெயிலில் பெரிய விரிசல்கள் திறந்துவிடாமல் பார்க்க வேண்டியிருந்தது என்றும் அதில் மன்னிப்புக் கேட்கிறார். வெயில் இல்லாமல் பூச்சு காயாது, வெயில் கூடினால் பூச்சோ பலகையோ வெடிக்கும் என்ற இக்கட்டு அந்தச் சில வரிகளில் தெரிகிறது. அவர் கைப்பட எழுதியவற்றில் மெருகு வேலையைத் தொடும் குறிப்பு இவ்வளவே.

மறைந்த கைப்பழக்கம்

1750க்குப் பின் ஒரு தலைமுறைக் காலத்தில் இந்த மெருகு இத்தாலியப் பட்டறைகளிலிருந்து மறைந்தது. யாரோ சூத்திரத்தைக் கல்லறைக்குக் கொண்டு போனதாகக் கதை சொல்வார்கள். உண்மைக் காரணம் வணிகம் சார்ந்தது எனலாம். சாராயத்தில் அவலரக்கையும் பிற பிசின்களையும் கரைத்துச் செய்யும் வார்னிஷ் பரவலாயிற்று. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது. எண்ணெய் வார்னிஷ் உலர நாட்கணக்கில், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; சாராய வார்னிஷ் சில மணி நேரத்தில் காயும். விரைவாகச் செய்து விற்க வேண்டியவர்களுக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை. பட்டறைப் பயிற்சி வாய்மொழியாகவும் கைவழியாகவும் போனதால், ஒரு தலைமுறை செய்யாமல் விட்டதும் அறிவு அறுந்தது.

ஸ்ட்ராடிவாரியின் அச்சுகளையும் வரைபடங்களையும் கருவிகளையும் அவரது மகன் பாவ்லோவின் குடும்பத்திடமிருந்து 1770களின் நடுவில் கோசியோ தி சலாபுவே பிரபு வாங்கினார். பல கை மாறி 1920இல் ஜூசெப்பே ஃபியோரினி என்னும் வயலின் கலைஞரிடம் வந்த அவை, 1930இல் கிரெமோனா நகருக்கே நன்கொடையாகத் திரும்பின; இன்று அந்நகர வயலின் அருங்காட்சியகத்தில் உள்ளன. மரத்தை எந்த அளவில் வெட்டுவது என்பதற்கு அவற்றில் துல்லியமான சான்று உண்டு. எதைப் பூசுவது என்பதற்கு இல்லை.

இல்லாத இடத்தைக் கதை நிரப்பியது. ஸ்ட்ராடிவாரியின் வழிவந்த ஜாக்கோமோ என்பவர், 1704ஆம் ஆண்டுக் குறிப்பாக வார்னிஷ் சூத்திரம் எழுதப்பட்டிருந்த குடும்ப விவிலியத்தைத் தாம் கண்டதாகவும், படியெடுத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டதாகவும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூறினார். படியை எவருக்கும் காட்டவில்லை. லண்டன் ஹில் சகோதரர்கள் 1902இல் வெளியிட்ட ஸ்ட்ராடிவாரி நூலில் இக்கதை இடம்பெற்று உலகப் புகழ் அடைந்தது.

இதே நூற்றாண்டில் பிரான்சின் மிர்கூர், ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹென் போன்ற ஊர்கள் ஆயிரக்கணக்கில் வயலின் செய்து ஏற்றுமதி செய்தன. அங்கே மலிவு வகைகளுக்கு உப்புத்தாள் தேய்ப்பும், மரத்தில் நேரடிச் சாயமும், சாராய வார்னிஷுமே நியதி. பழமைத் தோற்றம் வேண்டி மரத்தைச் சூட்டில் வாட்டியவர்களும், அமிலம் தடவியவர்களும் இருந்தனர். அத்தகைய மரம் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை பெற்றது.

ஊகங்களின் காலம்

அடுக்கு பற்றிய முதல் தெளிவான ஊகத்தை முன்வைத்தவர்களில் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் ரீட். வயலின் வாங்கி விற்ற அனுபவமும் உடையவர். 1872இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் எழுதிய கடிதங்களில், கிரெமோனா வார்னிஷ் ஒன்றல்ல, இரண்டு என்று வாதிட்டார். முதலில் துளைகளை அடைக்கும் தெளிந்த எண்ணெய் வார்னிஷ். அது காய்ந்த பின் அதன்மேல் நிறமுள்ள சாராய வார்னிஷ். மேலடுக்கு சில்லுச் சில்லாகப் பெயர்வதையும், பெயர்ந்த இடத்தில் அடியடுக்கு பளபளப்பதையும் அவர் சான்றாகக் காட்டினார். மேலடுக்கு பற்றி அவர் சொன்னது பின்னாளில் நிற்கவில்லை. அடியில் தனி அடுக்கு உண்டு என்பது நின்றது. தொழில்முறை வயலின் கலைஞர்கள் பலருக்குத் தோன்றாதது ஒரு கதாசிரியருக்குத் தோன்றியது கவனிக்கத்தக்கது.

நூறாண்டுக்குப் பின், நியூயார்க்கில் நூற்றுக்கணக்கான பழைய வயலின்களைப் பழுதுபார்த்த சிமோனே சக்கோனி (1895–1973) தம் அனுபவத்தை 1972இல் நூலாக்கினார். மரத்தைப் பொட்டாசியம் சிலிக்கேட் கரைசலால் இறுக்கி, அதன்மேல் முட்டை வெள்ளைக்கருவும் அரபுப் பிசினும் தேனும் சர்க்கரையும் கலந்த பூச்சைக் கொடுத்தனர் என்பது அவரது முடிபு. ஸ்ட்ராடிவாரியின் வேலைமுறையை விளக்கிய பகுதிகளுக்காக அந்நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. சிலிக்கேட் பற்றிய பகுதிக்கு அந்த மதிப்பு இல்லை. காரத்தன்மை மிக்க அக்கரைசல் மரத்தைத் தாக்கக்கூடியது; அவரை நம்பிப் பயன்படுத்தியவர்களில் பலர் பின்னர் கைவிட்டனர்.

நுண்ணோக்கியின் கீழ்

1980களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிளேர் பார்லோ, ஜிம் உட்ஹவுஸ் இருவரும் பழைய இத்தாலிய இசைக்கருவிகளிலிருந்து பெயர்ந்த சிறு துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். மரத்துக்கும் வார்னிஷுக்கும் இடையே மிக நுண்ணிய தாதுத்துகள்கள் செறிந்த அடுக்கைப் பலவற்றில் கண்டனர். ஒரே கனிமம் அல்ல, பல கனிமங்கள் கலந்த தூள். வயலின் உலகம் உடனே இதைப் பற்றிக்கொண்டது. தாதுத்தூளை எண்ணெயில் குழைத்து மரத்தில் தேய்ப்பது பல பட்டறைகளில் வழக்கமாயிற்று.

பாரிஸ் இசை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான்-ஃபிலிப் எஷார் குழுவினர் அங்குள்ள ஐந்து ஸ்ட்ராடிவாரி கருவிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு இந்த உற்சாகத்துக்குக் கடிவாளமிட்டது. அவற்றில் தாது அடுக்கும் இல்லை, புரத அடுக்கும் இல்லை. உலரும் எண்ணெய் ஒன்று மரத்தின் மேல்செல்களில் சிறிதளவே இறங்கி அவற்றை நிரப்பியிருந்தது. அதன்மேல் எண்ணெயும் பைன் வகைப் பிசினும் கலந்த வார்னிஷ். சிலவற்றில் நிறத்துக்குக் காவி, சாதிலிங்கம், கொச்சினீல் பூச்சிச் சாயம் ஆகியவை இருந்தன. ஓவியர்களும் தச்சர்களும் அக்காலத்தில் சாதாரணமாகக் கடையில் வாங்கிய பொருள்கள் இவை. ரகசியம் என்று சொல்லத்தக்கது பொருளில் எதுவும் இல்லை.

விவகாரம் அத்துடன் முடிந்ததாகத் தோன்றியது. 2022இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ‘தோஸ்கானோ’ (1690), ‘சான் லொரென்சோ’ (1718) என்னும் இரு ஸ்ட்ராடிவாரி வயலின்களின் துணுக்குகளை, திரியெஸ்தே நகர ஒத்தியங்கு முடுக்கியில் இன்னும் நுண்ணிய அகச்சிவப்பு முறையால் நோக்கியபோது, மரமும் வார்னிஷும் சந்திக்கும் எல்லையில் புரதப் பொருளின் அடையாளம் கிடைத்தது. வச்சிரப்பசையோ பால்புரதமோ போன்ற ஒன்றை மிக நீர்த்த நிலையில் தடவியிருந்தால் இப்படி இருக்கும். இந்த இரண்டு முடிவுகளில் ஒன்று பொய்யாக வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த ஒருவர் எல்லா வயலினுக்கும் ஒரே முறையைக் கையாண்டார் என்று எதிர்பார்ப்பதே பொருந்தாது.

இவற்றிலிருந்து விலகிய கிளை ஒன்றும் உண்டு. டெக்சாஸில் பணியாற்றிய வேதியியலாளர் ஜோசப் நாகிவாரி, மேற்பூச்சைவிட மரமே முன்கூட்டிப் பதப்படுத்தப்பட்டது என்று வாதிட்டு வந்தார். 2006இல் அவரும் குழுவினரும் ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி கருவிகளின் மேப்பிள் வேதியியல் அமைப்பில் மாறுபட்டிருப்பதைக் காட்டினர். தைவானின் ஹ்வான்-சிங் டாய் குழு 2017இல் ஸ்ட்ராடிவாரி மேப்பிளில் ஹெமிசெல்லுலோஸ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிதைந்திருப்பதைக் கண்டது. வெங்காரம், படிகாரம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் தடங்களும் இந்த ஆய்வுகளில் வெளிவந்தன. மரம் பூச்சி அரிக்காமலிருக்க அவை இடப்பட்டிருக்கக்கூடும். செதுக்கும் முன் மரத்தை ஊறவைப்பதும், செதுக்கிய பின் மேற்பரப்பை அடைப்பதும் வேறுவேறு வேலைகள். செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாக்கி ஆண்டுதோறும் ‘ரகசியம் அம்பலம்’ என்று எழுதுவதால் குழப்பம் நீடிக்கிறது.

ஒலியும் அடிப்பூச்சும்

முன்பலகையின் தடிமன் மூன்று மில்லிமீட்டரைச் சுற்றியே அமையும். இவ்வளவு மெல்லிய பலகையில் ஊறும் எதுவும் அதன் எடையையும் விறைப்பையும் அதிர்வு தணியும் வேகத்தையும் மாற்றும். பூச்சு ஒலியைக் கெடுக்க முடியும் என்பதில் ஐயமில்லை. எண்ணெய் ஊறிய பலகை மந்தமாக ஒலிக்கும். பூச்சு தனியே ஒலியை உயர்த்தும் என்பதற்குச் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. 2010இல் இண்டியானாபோலிஸ் வயலின் போட்டியின்போது கிளாடியா ஃபிரிட்ஸ் குழு நடத்திய சோதனையில், எது எந்த வயலின் என்று தெரியாதபடி கண்ணை மறைத்து வாசித்த 21 கலைஞர்களில் பெரும்பாலோர் புதிய வயலின் ஒன்றையே விரும்பித் தேர்ந்தனர். நல்ல அடிப்பூச்சின் தலையாய கடமை ஒலிக்குத் தீங்கு செய்யாதிருப்பது என்று கொள்வதே பாதுகாப்பானது. அதன் மற்றப் பயன்கள் கண்ணுக்கும் மரத்தின் ஆயுளுக்கும் உரியவை.

பழைய மேற்பரப்பைக் காத்தல்

இந்த வரலாற்றில் மீட்க முடியாத இழப்பு நேர்ந்தது பழுதுபார்க்கும் மேசைகளில். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பழைய வயலின் பட்டறைக்கு வந்தாலே சாராயத்தில் கரைத்த அவலரக்கைத் துணியில் தோய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றி அனுப்புவது மரியாதையாகக் கருதப்பட்டது. சாராயம் பழைய வார்னிஷை இளக்கும். தேய்ப்பு மேடுபள்ளங்களை நிரவும். குதிரைவால் புல்லும் எஃகுத் தகடும் விட்டுச்சென்ற வரிகள் புதிய அரக்கின் அடியில் மூடப்பட்டன. எஞ்சியிருக்கும் ஏறத்தாழ 650 ஸ்ட்ராடிவாரி கருவிகளில் மேற்பரப்பு கைபடாமல் இருப்பவை மிகச் சில. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள 1716ஆம் ஆண்டு ‘மெசையா’ அவற்றில் தலைசிறந்தது. பெரும்பாலும் வாசிக்கப்படாமலே இருந்ததால் பட்டறையை விட்டு வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதுவே நெருங்கிய சாட்சி.

இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் தேய்ந்த இடத்தில் புதுப் பூச்சு இடுவதைத் தவிர்க்கின்றனர். வேண்டியிருந்தால் பின்னர் பழையதைத் தொடாமல் நீக்கக்கூடிய பொருளையே இடுகின்றனர். புதிய வயலின் செய்பவர்கள் மேல்மாடத்து வெயிலுக்குப் பதிலாகப் புறஊதா விளக்குகள் பொருத்திய பெட்டியில் கருவியை வாரக்கணக்கில் தொங்கவிடுகின்றனர். அதன்பின் சிலர் நீர்த்த பால்புரதமும், சிலர் பிசினும், சிலர் எண்ணெயில் குழைத்த தாதுத்தூளும் தடவுகின்றனர். எதைத் தடவினாலும், முதலில் அதே ஸ்புரூஸின் துண்டு ஒன்றில் பூசி, உலரவிட்டு, சரிவான வெட்டுவாயில் கறுக்கிறதா என்று பார்த்த பிறகே வயலினில் கை வைக்கின்றனர்.